அடுத்து எது ஓடும்?

கேள்வி: பொம்மையும் பரிசுப் பொருளும் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2017-இல் கையில் சுழற்றும் ஸ்பின்னர் சூடு பிடித்தபோது பெட்டி பெட்டியாக ஆர்டர் போட்டேன். சரக்கு வந்து இறங்கிய நேரம் பிள்ளைகள் அதை மறந்துவிட்டார்கள். மிச்சம் இன்னும் பரணில் கிடக்கிறது. அதற்கு அப்புறமும் இரண்டு மூன்று தடவை இதே கதைதான். மார்க்கெட் ட்ரெண்டை முன்கூட்டியே கணிக்கச் சொல்லித் தரும் கோர்ஸ் ஒன்றில் சேரலாமா? கடன் வாங்கி வியாபாரத்தை முழுக்க ஆன்லைனுக்கு மாற்றிவிடு என்கிறான் மகன். எங்களைப் போன்ற சிறு வியாபாரிகள் மாறிக்கொண்டே இருக்கும் சந்தைக்கு எப்படித்தான் தயாராவது?

பதில்: கோர்ஸில் சேராதீர்கள். அடுத்து எது ஓடும் என்று உறுதியாகத் தெரிந்தவர் அதை வாங்கி விற்றுக்கொண்டிருப்பார். உங்களிடம் ஃபீஸ் வசூலித்துக்கொண்டிருக்க மாட்டார்.

பணமும் ஆளும் நிறைய இருந்தால் கணித்துவிடலாம் என்ற நினைப்பும் வேண்டாம். கோகோ கோலா கம்பெனி 1985-இல் தன் பானத்தின் சுவையை மாற்றுவதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் குடிக்கக் கொடுத்துக் கேட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் புதுச் சுவைதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்த ஏப்ரலில் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைக் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்ததில் 79 நாளில் பழைய கோக் கடைக்குத் திரும்பிவிட்டது. எது ருசி என்பதற்கு வந்த பதிலை வைத்து, பழையதை எடுத்துவிட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கணிக்க முடியவில்லை. 3டி டிவி இன்னொரு உதாரணம். 2010 வாக்கில் பெரிய டிவி கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னால் ஓடின. 2017-இல் கடைசியாக மிஞ்சியிருந்த எல்ஜியும் சோனியும் கூடக் கையைக் கழுவின.

இந்தக் கம்பெனிகள் எதுவும் இதனால் மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அடி விழுந்தது, தாங்கினார்கள். தாங்குகிற அளவுக்கு முதல் இருந்தது. உங்களுக்கு ஒரே ஒரு கொள்முதல் தப்பினால் முதலுக்கே மோசம் வருகிறது. கணக்கு தப்பினாலும் கடை நிற்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதைத்தான் நான் தயாராவது என்பேன்.

ஸ்பின்னர் விஷயத்தில் நீங்கள் ஏமாந்தது கணிக்கத் தெரியாததால் இல்லை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று சரியாகவே கணித்தீர்கள். தப்பு வேறு இடத்தில். ஒரு பொருள் சூடு பிடித்தால் கடைக்காரர் பத்து கேட்கிற இடத்தில் பதினைந்து கேட்பார், தீர்ந்துபோய்விடக் கூடாதே என்று. இப்படிப் பத்துப் பேர் கேட்பதைப் பார்க்கும் மொத்த வியாபாரி, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டித் தொழிற்சாலைக்குச் சொல்வார். தொழிற்சாலை அதற்கும் மேலே கூட்டி மூலப்பொருள் வாங்கும். தட்டுப்பாடு வந்தால் இன்னும் மோசம்: ஒரே சரக்குக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆர்டர் போட்டு வைப்போம், எது முதலில் வருகிறதோ வரட்டும் என்று. பிறகு எல்லாமே வந்து சேரும், வாங்க ஆள் இருக்காது.

இதை ஆராய்ந்து எழுதியவர்கள் சாட்டை விளைவு என்கிறார்கள். கைப்பிடி லேசாக அசைந்தால் நுனி எகிறுகிற மாதிரி. புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி இதைக் கண்டுகொண்டது குழந்தைகளின் டயாபரில். குழந்தைகள் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் எகிறிக் குதிப்பதில்லை, கடையில் விற்பனையும் ஏறக்குறைய ஒரே சீராகத்தான் இருந்தது. ஆனால் மொத்த வியாபாரிகளிடமிருந்து வந்த ஆர்டர் மட்டும் தாறுமாறாக ஏறி இறங்கியது. குழந்தைகள் டயாபர் விஷயத்திலேயே இந்தக் கூத்து என்றால் ஸ்பின்னருக்குக் கேட்கவா வேண்டும்? "சார், மார்க்கெட்டில் பிய்த்துக்கொண்டு போகிறது" என்று சப்ளையர் சொல்லும்போது அவர் பார்ப்பது உங்களைப் போன்ற கடைக்காரர்களின் ஆர்டரை. வாங்கி விளையாடும் பிள்ளையை அவர் பார்ப்பதே இல்லை. அந்தப் பிள்ளையை நேரில் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். இருந்தும் சேதி கேட்க அவரிடம் போகிறீர்கள்!

ஆகவே உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வந்தவர் கேட்டு நீங்கள் "இல்லை" என்று சொன்ன பொருள்களை மட்டும், தேதியோடு, அதில் எழுதுங்கள். விற்றது பில்லில் இருக்கும். விற்காமல் போனது பரணில் இருக்கும். கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவர் எங்கேயுமே பதிவாவதில்லை. மூன்று மாதத்தில் ஒரே பொருளை வேறு வேறு ஆட்கள் பலர் கேட்டிருந்தால், அது எந்த நிபுணரின் கணிப்பையும்விட எனக்கு நம்பகமாகத் தெரியும்.

கூடவே இரண்டு வருஷத்துப் பில்களை எடுத்து உட்காருங்கள். எது தள்ளுபடி கொடுக்காமலே விற்றது, எது தள்ளுபடி கொடுத்தால்தான் நகர்ந்தது என்று பிரித்துப் பாருங்கள். முன்பு முழு விலைக்குப் போன பொருள் இப்போது தள்ளுபடி கேட்கிறது என்றால் அதன் காலம் இறங்குகிறது என்று அர்த்தம். மொத்த விற்பனைத் தொகையைப் பார்த்தால் இது தெரியாது, அதில் எல்லாம் கலந்து மறைந்துவிடும். கூகுள் ட்ரெண்ட்ஸும் இலவசம்தான், பாருங்கள். ஆனால் அதில் 100 என்று வந்தால் நூறு பேர் தேடினார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பார்க்கும் காலத்தில் எப்போது தேடல் உச்சமோ அதை 100 என்று வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். தேடியவர் எல்லாரும் வாங்குகிறவரும் இல்லை.

அடுத்தது கொள்முதல். இங்கேதான் சிறு வியாபாரிகள் பலர் சறுக்குகிறார்கள். மொத்தமாக எடுத்தால் மலிவு என்ற ஆசைதான் காரணம். ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் எடுத்தால் ஒன்று 10 ரூபாய், நூறு எடுத்தால் ஒன்று 13 ரூபாய் என்று வையுங்கள். விற்கும் விலை 20. ஆயிரமும் விற்றால் மொத்தமாக எடுத்தவருக்கு லாபம் 10,000. நூறு நூறாக எடுத்தவருக்கு 7,000. இந்த 3,000 வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறோம். முந்நூறோடு மோகம் அடங்கிவிட்டால்? மொத்தமாக எடுத்தவர் 10,000 போட்டு 6,000 எடுத்திருப்பார், கைநஷ்டம் 4,000. நூறு நூறாக எடுத்தவர் 3,900 போட்டு அதே 6,000 எடுத்து, 2,100 லாபத்தோடு அடுத்த பொருளுக்குப் போயிருப்பார். அந்தக் கூடுதல் விலையைக் காப்பீட்டுத் தவணை என்று நினைத்துக் கட்டுங்கள். எப்போதும் நன்றாக ஓடும் சரக்கை மொத்தமாகவே எடுக்கலாம், அதில் தப்பில்லை. புதுசுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு. ஒரு புதுப் பொருளுக்குப் போடும் பணம் முழுக்கப் போனாலும் அந்த மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் இடிக்கக் கூடாது. அந்த அளவைத் தாண்டத் தோன்றினால் இரண்டு நாள் ஆறப் போடுங்கள்.

பரணில் இருப்பதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். வாங்கிய விலையாவது வரட்டும் என்று காத்திருக்கிறீர்கள், தெரிகிறது. வராது. அது அடைத்துக்கொண்டிருக்கும் இடமும் அதில் முடங்கிய பணமும் ஓடுகிற சரக்குக்குப் போக வேண்டியவை. இனி ஒவ்வொரு பெட்டி மேலும் வந்த தேதியை எழுதி ஒட்டுங்கள், எவ்வளவு நாளாகத் தூங்குகிறது என்று பார்த்தவுடனே தெரியும்.

முதல் ஆளாக இருக்க வேண்டும் என்ற பதற்றமும் வேண்டாம். புதுமைகள் எப்படிப் பரவுகின்றன என்று 1962-இல் வகைப்படுத்திய எவரெட் ரோஜர்ஸ், முதலில் பாய்ந்து எடுப்பவர்கள் 2.5 சதவீதம், அடுத்து வருபவர்கள் 13.5 சதவீதம் என்றார். மீதி 84 சதவீதம் பேர் பொறுத்திருந்து பார்த்து வருகிறவர்கள். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டமாகத்தான் இருக்கும். நாலு பேர் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து, திரும்பவும் வாங்குகிறார்களா என்று தெரிந்த பிறகு இறங்கினாலும் வியாபாரம் மிச்சம் இருக்கும். அப்படி மிச்சமில்லாத பொருள் என்றால் அதில் நீங்கள் இறங்காததே நல்லது.

இதெல்லாம் வந்து போகும் மோகத்துக்கு. நிஜமான மாற்றம் வேறு, அது மெதுவாக வரும், பல நேரம் கண்ணுக்கு நேராகவே வரும். கேமரா ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனி தூங்கிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்து பார்த்ததே அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன்தான். கம்பெனி திவால் மனு கொடுத்தது 2012 ஜனவரியில். நடுவில் 36 வருஷம்! தெரியாமல் போகவில்லை. ஃபிலிமில் வந்த லாபம் அவ்வளவு இனிப்பாக இருந்ததால் விட மனம் வரவில்லை. அதே ஃபிலிம் செய்த ஜப்பானின் ஃபுஜிஃபிலிம், தன் கையில் என்ன வேலை தெரியும் என்று பார்த்தது. மெல்லிய படலம் செய்யத் தெரியும், அது எல்சிடி திரைக்குப் போனது. ஃபிலிம் மங்காமல் காக்கும் ரசாயனமும் கொலாஜனும் தெரியும், அது முகப்பூச்சுக்குப் போனது. நீங்களும் உங்களையே கேட்டுப் பாருங்கள்: பொம்மையை எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன தெரியும்? எந்த வயதுப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். பரிசு வாங்க வந்து முழிக்கும் ஆளை எப்படிக் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று தெரியும். எது மாறினாலும் இந்த அறிவுக்கு ஆள் வருவார்கள்.

மாற்றத்தைத் துரத்தி முட்டிக்கொண்டவர்களும் உண்டு. லெகோ கம்பெனி 2003, 2004-இல் விழும் நிலைக்கு வந்தது, தீம் பார்க், வீடியோ கேம் என்று கை வைக்காத இடமில்லாமல் வைத்து. மீண்டது எப்படி? பார்க்குகளை விற்று, செய்யும் கட்டை வகைகளை ஏறக்குறைய பாதியாக வெட்டி, தனக்குத் தெரிந்ததில் ஒழுங்காக நின்று.

சரி, மகன் சொல்வதற்கு வருவோம். ஆன்லைனில் விற்கச் சொல்வது சரி. கடன் வாங்கி முழுக்க மாறச் சொல்வதுதான் கூடாது, அது ஸ்பின்னரையே இன்னும் பெரிய பெட்டியில் வாங்குவது. நன்றாக விற்கும் ஏழெட்டுப் பொருளை மட்டும் படமெடுத்து முதலில் போடச் சொல்லுங்கள். கமிஷன், பேக்கிங், அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கு எல்லாம் போக ஒரு பொருளுக்குக் கையில் என்ன நிற்கிறது என்று அவனே எழுதி வைக்கட்டும். பலரும் திரும்பி வருவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அப்புறம் விற்பனை கூடக் கூட நஷ்டம் ஏன் கூடுகிறது என்று திகைக்கிறார்கள். வாங்கியவர்களின் போன் நம்பரை அவர்கள் சம்மதத்தோடு உங்கள் நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், உறவினர்கள் போடுவதையே முன்னால் காட்டுவோம் என்று விதியை மாற்றியது. தங்கள் ஃபேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பிக் கடை நடத்தியவர்கள் சேர்த்து வைத்த ஆட்களுக்குச் சேதி சொல்லவே காசு கட்ட வேண்டிய நிலைக்கு வந்தார்கள். இப்படி ஒரு பண்டிகைக் காலமும் ஒரு மந்தமான காலமும் பார்த்துவிட்டு அவன் கணக்கை முன்னால் வைத்துப் பேசுங்கள். அதில் லாபம் நின்றால் அந்த லாபத்திலிருந்தே அடுத்த பத்துப் பொருளைச் சேர்க்கட்டும்.