வைட்டமின் சி-யா, நியாசினமைடா? முகம் பளிச்சென்று இருக்க எந்த சீரம்?

“எண்ணெய் வழியும் முகம், ஆனாலும் டல்லாகத் தெரிகிறது. பரு போன இடத்தில் எல்லாம் பழுப்புக் கறை. வைட்டமின் சி சீரம் வாங்கட்டுமா, நியாசினமைடா? இரண்டையும் சேர்த்துப் போடலாமா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு நியாசினமைடுதான் முதலில், அது வைட்டமின் பி3-யின் ஒரு வடிவம். பரு ஆறிய இடத்தில் நிற்கும் அந்தக் கறை மெலனின் நிறமி. அது தோலின் மேல் செல்களுக்குப் போய்ச் சேர்வதை நியாசினமைடு குறைக்கும், எண்ணெய்ப் பசையும் ஓரளவு அடங்கும். 4, 5 சதவீதம் தாராளம். 10 சதவீதம் என்றால் இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று நினைத்து வாங்காதீர்கள், சிலருக்கு எரிச்சலும் சிவப்பும்தான் மிஞ்சும்.

வைட்டமின் சி நல்ல பொருள்தான், வெயிலால் களையிழந்த முகத்துக்கு நன்றாகவே கைகொடுக்கும், ஆனால் அதைப் பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். எல்-அஸ்கார்பிக் ஆசிட் என்ற வடிவம் 10 முதல் 20 சதவீதம் இருந்து, பிஎச் (புளிப்புத் தன்மையைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் சரியாக இறங்கும். அவ்வளவு புளிப்பான திரவம் சென்சிட்டிவ் சருமத்தில் சுரீரென்று எரியும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டும்விடும். அதனால் அடர்நிறப் பாட்டிலில் வருவதாகப் பாருங்கள். வாங்கும்போது நிறமில்லாமல் இருந்தது ஆரஞ்சாகி, பழுப்பாகிவிட்டதா? காசு போனால் போகட்டும், அதை முகத்தில் போட வேண்டாம்.

இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள், அப்படி ஒன்றும் இல்லை. காலையில் வைட்டமின் சி, இரவில் நியாசினமைடு என்று தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் தொடங்கினால், முகம் சிவக்கும்போது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. முதலில் ஒன்று, சில வாரம் கழித்து இன்னொன்று. அதற்கும் முன்னால் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பாருங்கள்.

முகம் கழுவியதும் இறுகி, செதில் செதிலாக உரிகிறவர்களுக்கு இந்த இரண்டையும்விட முதலில் ஈரப்பதம்தான் தேவை. ஹையலூரானிக் ஆசிட் சீரத்தை முகம் ஈரமாக இருக்கும்போதே போட்டு, மேலே மாய்ஸ்சரைசர் தடவினால் போதும், பாதி டல்னஸ் போய்விடும். கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) கலந்த எதையும் தொட வேண்டாம்.

அப்புறம் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) 30-க்குக் குறையாமல், பகலில் தினமும், தாராளமாகவே எடுத்துப் போடுங்கள். இது இல்லாமல் எந்த சீரம் போட்டாலும், அது குறைத்த கறையை வெயில் திரும்பக் கொண்டுவந்துவிடும். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ 4 வாரம் ஆகும், எனவே 8 முதல் 12 வாரம் விடாமல் போட்ட பிறகுதான் பலன் இருக்கிறதா என்று முடிவு செய்ய முடியும். ஒரே வாரத்தில் சிவப்பாக்குகிறேன் என்று விற்கும் பெயர் தெரியாத கிரீம்கள் பக்கமே போகாதீர்கள், ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்தவை அவற்றில் உண்டு. கன்னத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் அது மங்காக இருக்கலாம், அதற்கு சீரம் தேடாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.