பள்ளி அனுப்பும் சுகாதார அறிவிப்புகள்: எதை முதலில் கவனிப்பது?

கேள்வி: எங்கள் மகள் தொடக்கநிலை 2இல் படிக்கிறாள். ஒன்றரை வயதில் மகனும் இருக்கிறான். கணவரும் நானும் வேலைக்குச் செல்வதால் இருவரையும் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பேரன்ட்ஸ் கேட்வே செயலியில் பள்ளி அறிவிப்புகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. மகளின் வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் கண்டிருப்பதாக நேற்று ஒரு செய்தி வந்தது. அதற்கு முன்பு வந்த கண் பரிசோதனைக் கடிதத்தை நான் இன்னும் கவனிக்கவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா? எதை முதலில் பார்ப்பது?
(சிங்கப்பூர், ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம் எதுவும் இல்லாத வரை உங்கள் மகள் தாராளமாகப் பள்ளிக்குச் செல்லலாம். வகுப்பில் ஒருவருக்கு நோய் வந்துவிட்டது என்பதற்காக நலமாக இருக்கும் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்கத் தேவையில்லை.

எதை முதலில் பார்ப்பது என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பள்ளியிலிருந்து வரும் சுகாதாரச் செய்திகளில் சில, அடுத்த சில நாள்களுக்குப் பிள்ளையைக் கூர்ந்து கவனிக்கச் சொல்கின்றன. மற்றவை, குறிப்பிட்ட தேதிக்குள் உங்கள் முடிவையோ இணக்கத்தையோ கேட்கின்றன. இரண்டாம் வகையை வார இறுதியில் உட்கார்ந்து பார்க்கலாம். முதல் வகையை அன்றைக்கே பார்த்தாக வேண்டும். கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் தொற்றிய 3 முதல் 5 நாள்களில், சிலருக்கு ஒரு வாரத்தில், வெளிப்படும் என்பதால், ஒரு வாரம் திறக்கப்படாமல் கிடந்த அறிவிப்பினால் அதிகப் பயன் இராது. மேலும், உங்கள் வீட்டில் பகலெல்லாம் பிள்ளைகளோடு இருப்பவர் உங்கள் மாமியார். செய்தி உங்கள் கைப்பேசியோடு நின்றுவிட்டால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவருக்கு அது போய்ச் சேரவே இல்லை என்றுதான் பொருள். ஆகவே அறிவிப்பு வந்த அன்று மாலையே அவரிடம் தமிழில் நிதானமாகச் சொல்லுங்கள்; வேலையிடத்தில் இருந்தால் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புங்கள். என்ன நோய், எதைப் பார்க்க வேண்டும், கண்டால் யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். காலையில் பல் துலக்கியதும் பிள்ளையைச் சன்னலருகே நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லி, கைப்பேசி வெளிச்சத்தில் உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரங்கள், அண்ணத்தின் பின்பகுதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த புள்ளிகளாகத் தொடங்கிச் சிறு புண்களாக மாறுவது இந்நோயின் போக்கு. பிறகு உள்ளங்கை, விரலிடுக்கு, உள்ளங்கால். தம்பிக்கு அணையாடை மாற்றும்போது பிட்டத்தையும் பார்த்துக்கொள்ளலாம். உடல் சூட்டை வெப்பமானியால் அளக்க வேண்டும். கையை வைத்துப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. புண் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, விருப்பமான உணவைக்கூடப் பிள்ளை ஒதுக்குவதும், எச்சிலை விழுங்க மனமின்றி வழியவிடுவதும் பாட்டிமார் கண்ணில்தான் முதலில் படும். அவர்களுடைய இந்தக் கவனிப்பு எந்தச் செயலியிலும் கிடைக்காது. அதை நாம் மதித்துக் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இன்னொன்றையும் கண்டிருக்கிறேன். கொப்புளத்தைப் பார்த்ததும் அம்மை போட்டிருக்கிறது என்று முடிவுசெய்து, வேப்பிலை வைத்து, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவார்கள். சின்னம்மைக் கொப்புளங்கள் பெரும்பாலும் மார்பிலும் முதுகிலும் முகத்திலும் கிளம்பி அரிப்பெடுக்கும். கை, கால், வாய்ப்புண் நோயின் கொப்புளங்கள் உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகிய இடங்களைத்தான் அதிகம் நாடும். எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வேப்பிலையை எடுத்துவிடுங்கள் என்று மாமியாரோடு வாதாட வேண்டாம். மருத்துவரிடமும் காட்டிவிடுவோம், அத்தை என்று சொன்னால் எந்த மாமியாரும் மறுக்கமாட்டார்.

இந்நோயை உண்டாக்கும் காக்சாக்கி, எண்டரோவைரஸ் வகைக் கிருமிகள் எச்சில், சளி, கொப்புளநீர், மலம் ஆகியவற்றின் வழியாகப் பரவுகின்றன. இவற்றுக்குக் கொழுப்பாலான மேலுறை கிடையாது. அதனால் ஆல்கஹால் கலந்த கைச்சுத்திகரிப்பான் இவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் நம்பகமானவை. உங்கள் வீட்டில் நான் மிகவும் கவலைப்படுவது மகனைப் பற்றித்தான், ஏனெனில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடமே இந்நோய் அதிகம் காணப்படுகிறது. ஒரே கிண்ணத்தில் சோறு பிசைந்து அக்காவுக்கு ஒரு வாய், தம்பிக்கு ஒரு வாய் என்று ஊட்டுவது நம் வீடுகளில் அன்றாட வழக்கம். அடுத்த ஒரு வாரத்துக்காவது கிண்ணமும் கரண்டியும் தண்ணீர்ப் புட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் கையைக் கழுவி, உடையை மாற்றிய பிறகே தம்பியைத் தூக்கட்டும். இந்நோய்க்கு நமது தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் ஊசி எதுவும் இல்லாததால், தற்காப்பு முழுவதும் இந்தச் சின்னச் சின்னப் பழக்கங்களில்தான் இருக்கிறது.

நோய் வந்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் 7 முதல் 10 நாள்களில் தாமாகவே தேறிவிடுவார்கள். சூடான மிளகு ரசமும் புளிப்பான சாறும் புண்ணை எரிக்கும். ஆறிய கேழ்வரகுக் கஞ்சி, தயிர்சாதம், இளநீர், குளிர்ந்த பால் ஆகியவை எளிதில் இறங்கும். சாப்பாடு குறைவதை இரண்டொரு நாள் பொறுத்துக்கொள்ளலாம்; நீராகாரம் குறைவதைப் பொறுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தாலோ சிறுநீர் கழிப்பது வெகுவாகக் குறைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத அயர்வு, உறக்கத்தில் திடுக்திடுக்கென்று உடல் துள்ளுதல், நடையில் தள்ளாட்டம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். இவை அரிதானவை. ஆயினும் 2000ஆம் ஆண்டில் எண்டரோவைரஸ் 71 இங்கு பரவிப் பிள்ளைகள் சிலர் உயிரிழந்ததையும், அப்போது நாடு முழுவதும் பாலர் பள்ளிகள் மூடப்பட்டதையும் மருத்துவர்கள் மறக்கவில்லை.

மனம் நோகும் என்று தெரிந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விடுப்பு எடுக்க முடியாத காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களுடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்தின் வேகம் நான்கைந்து மணி நேரத்தில் தணிந்துவிடும். அதற்குள் இடைவேளையில் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் வீடுகளில் உங்கள் மகனைப்போல் தம்பி தங்கைகள் இருக்கக்கூடும். உங்கள் இளைய பிள்ளை 7 வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், வேலையில் சேர்ந்து மூன்று மாதமாவது ஆகியிருக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அதை உங்கள் கணவரும் எடுக்கலாம். எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மருத்துவச் சான்றிதழில் குறித்த நாள்கள் முடிந்து, கொப்புளங்கள் வற்றிக் காய்ந்த பிறகே மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். மலத்தில் கிருமி பல வாரங்கள் தங்கியிருக்கும் என்பதால் கழிவறைக்குச் சென்றபின் கைகழுவுவதை அதற்குப் பிறகும் தளர்த்த வேண்டாம்.

நோயுற்ற பிள்ளை யார் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விசாரிக்காதீர்கள். பள்ளி பெயரை வெளியிடாமல் இருப்பது சரியானது. பெயர் தெரிந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியவை ஒன்றும் மாறப்போவதில்லை. அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது அருகில் உட்கார ஆள் இல்லாமல் போவது மட்டுமே மிச்சம்.

இனி, கண் பரிசோதனைக் கடிதம். பள்ளியில் எழுத்தட்டையைக் காட்டிச் செய்வது முதற்கட்டச் சோதனைதான். அதில் 6/12 என்று குறிக்கப்பட்டிருந்தால், சீரான பார்வை உள்ளவர் 12 மீட்டரிலிருந்து வாசிப்பதை உங்கள் மகள் 6 மீட்டரில் நின்றால்தான் வாசிக்க முடிகிறது என்று பொருள். இன்றைக்கே ஓட வேண்டிய அவசரம் இதில் இல்லை. ஆனால் ஆண்டிறுதி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். கிட்டப்பார்வை எவ்வளவு இளம் வயதில் தொடங்குகிறதோ அவ்வளவு கூடுதலாக ஏறும் வாய்ப்புள்ளது. 7, 8 வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்கில் சேரும். பிள்ளைகளின் கண்தசைகள் இறுகிக்கொண்டு அளவைக் கூட்டிக்காட்டக்கூடும் என்பதால், சொட்டுமருந்து விட்டுத் தசையைத் தளர்த்தி அளப்பதே துல்லியமானது. அதன்பின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கலாகத் தெரியும். தேர்வோ எழுத்துத் தாளோ இருக்கும் நாளுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேவையான கண்ணாடியைத் தள்ளிப்போடுவதால் கிட்டப்பார்வை நிற்பதில்லை. ஏற்றத்தை மெதுவாக்கக் குறைந்த அளவு அட்ரோப்பின் சொட்டுமருந்து உதவுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள். அன்றாடம் ஏறத்தாழ 2 மணி நேரம் வெளியில், பகல் வெளிச்சத்தில் இருப்பதும் நல்லது. மாலையில் மாமியார் பேரனைக் கீழே விளையாட்டிடத்துக்கு அழைத்துச் செல்லும்போது மகளும் துணைப்பாட வகுப்புக்கு முன் அவர்களோடு போகலாம்.

தடுப்பூசி இணக்கப் படிவங்களுக்கு இப்போதைக்கு உங்களுக்கு வேலை இல்லை. தொண்டை அடைப்பான், இசிவு (டெட்டனஸ்), கக்குவான், போலியோ ஊக்கத் தவணைகள் தொடக்கநிலை 5இல்தான் வரும். மகனுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது. அவனுடைய தவணை விடுபட்டிருக்கிறதா என்று சுகாதாரப் பதிவுகளைக் காட்டும் ஹெல்த்ஹப் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேரன்ட்ஸ் கேட்வேயில் உங்கள் கணவரும் சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னடையாளத்தின் மூலம் நுழைந்து அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்கட்டும். பிள்ளைக்கு உடல்நலமில்லை என்று பள்ளி அழைக்கும்போது நீங்கள் இருவரும் கூட்டத்தில் இருக்கக்கூடும். மகளை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவராக மாமியாரின் பெயரையும் எண்ணையும் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே கொடுத்துவையுங்கள். அவருக்குத் தமிழில் பேசினால்தான் புரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.