தாதி இல்லாத பாடசாலையில் தாதியின் வேலை

வாசகர் கேள்வி – பதில். இந்த இதழில் வன்னியிலிருந்து வந்த கடிதங்களில் சில.

கேள்வி: லண்டனில் அக்காவின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் தாதி ஒருவர் இருக்கிறாராம். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் இல்லை. பிள்ளைக்கு ஒரு வருத்தம் என்றால் யாரிடம் சொல்லி வைப்பது?
– ஒரு தாய், துணுக்காய்

பதில்: லண்டனிலும் பெரும்பாலும் ஒரே தாதி பல பாடசாலைகளைப் பொறுப்பெடுத்து முறைவைத்துத்தான் வந்துபோகிறார். நம் அரச பாடசாலைகளில் பொதுவாகத் தாதி நியமனமே இல்லை. அந்த வேலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பல பேரிடம் பிரிந்து கிடக்கிறது. வைத்திய அதிகாரி பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார். உங்கள் பாடசாலைக்குப் பொறுப்பானவர் பி.எச்.ஐ. என்று நாம் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியும் குடும்ப நல உத்தியோகத்தரும் உதவிக்கு வருவார்கள். பல்லுக்குத் தனியாகப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர் இருக்கிறார்.

மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு. 200 பேருக்குக் குறைவான பாடசாலை என்றால் எல்லா வகுப்புகளையும் பார்ப்பார்கள். வன்னியில் அப்படிப்பட்டவை நிறைய. உயரம், நிறை, கண், காது, பல், தோல், இருதயச் சத்தம் எல்லாம் அன்று பார்க்கப்படும். தரம் 7 இல் ஏற்புவலித் தடுப்பூசியும் உண்டு. சிறு வயதுச் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் அன்று கொடுத்துவிடுங்கள். முன்பு என்னென்ன ஊசி போட்டது, பிறந்தபோது என்ன சிக்கல் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு பிழையாகப் போவது பரிசோதனைக்குப் பிறகுதான். குறை கண்டால் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டு புத்தகப் பைக்குள் மடிந்து, மழையில் நனைந்து, தவணை முடிவில் வெளியே வரும். வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் துண்டு வாங்கிய பிள்ளையின் பெயரையும் திகதியையும் எழுதி, இரண்டு கிழமை கழித்து "போனீர்களா?" என்று கேட்டால் போதும். துண்டு கொடுப்பவரின் வேலை கொடுத்ததோடு முடிந்துவிடுகிறது. இந்தக் கேள்வியைக் கேட்க யாரையும் நியமிக்கவில்லை.

உங்கள் பிள்ளையைப் பற்றி வகுப்பாசிரியருக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். என்ன வருத்தம், என்ன மருந்து எத்தனை மணிக்கு, எது ஒத்துக்கொள்ளாது, எந்தக் கிளினிக், அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி இலக்கம். இரண்டு இலக்கமும் ஒரே வீட்டில் இருக்கும் ஆட்களுடையதாக இருக்கக்கூடாது. வயலில் நிற்கும்போது சிக்னல் கிடைக்காவிட்டால் இரண்டும் சேர்ந்தே கிடைக்காது.

கேள்வி: எங்கள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டெற்றோலும்தான் இருக்கின்றன. 150 பிள்ளைகளுக்கு என்னென்ன வேண்டும்?
– அதிபர், ஒட்டுசுட்டான் பக்கம்

பதில்: முதலில் அந்த இரண்டையும் பற்றி. பஞ்சைக் காயத்தில் நேரே வைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் பிய்க்கும்போது காயமும் சேர்ந்து பிய்யும். டெற்றோலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் தோல் வெந்துபோகும். சைக்கிளில் விழுந்து கிரவல் மண் ஏறிய முழங்காலுக்கு, ஓடுகிற குடிதண்ணீரும் சவர்க்காரமும் ஐந்து நிமிடமுமே போதும். மண் முழுவதும் போகும்வரை கழுவுவதுதான் சிகிச்சை.

பெட்டியில் இருக்கவேண்டியவை: கிருமி நீக்கிய கோஸ் துண்டுப் பைகள் 20, 3 அங்குல கிரேப் பண்டேஜ் 4, முக்கோணத் துணி 4, ஒட்டுப் பிளாஸ்ரர் ஒரு பெட்டி, ஒட்டுநாடா ஒரு சுருள், 500 மில்லிலீற்றர் சேலைன் போத்தல் 2, கையுறை ஒரு பெட்டி, கத்தரிக்கோல், சாமணம், டிஜிற்றல் தேர்மோமீற்றர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) 10 பைக்கற், ஒரு லீற்றர் அளவுப் போத்தல் ஒன்று. கடைசியில் சொன்னதை யாரும் வாங்குவதில்லை. ஒரு ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்கவேண்டும். ஒரு கிளாஸில் கரைத்தால் உப்புக் கூடி, வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு நன்மையை விடத் தீமையே அதிகம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

குளிசை எதையும் பெட்டியில் வைக்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பனடோலும் பெற்றோருக்குத் தெரியாமல் கொடுக்கக்கூடாது. காலையில் வீட்டில் ஒன்று விழுங்கிவிட்டு வந்த பிள்ளைக்குப் பத்து மணிக்குப் பாடசாலையிலும் ஒன்று கொடுபடும்.

தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியின் மேல்தட்டில் பெட்டியை வைத்தால் சித்திரை வெயிலுக்குப் பிளாஸ்ரர் பசை உருகிவிடும். சுவர் ஓரமாக, இடுப்பு உயரத்தில், பூட்டாமல் வையுங்கள். திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருந்து, அதிபர் வலயக் கூட்டத்துக்குப் போன நாளில்தான் பிள்ளை விழும். தவணைக்கு ஒருமுறை காலாவதித் திகதி பாருங்கள். எடுத்தவர் கொப்பியில் எழுதட்டும்.

கேள்வி: பிள்ளைகள் வயல் வரம்பாலும் காட்டுப் பாதையாலும் நடந்து வருகிறார்கள். பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என்ன செய்யலாம்? கயிறு கட்டவேண்டும் என்கிறார்கள் ஊரார்.
– ஆசிரியை, மல்லாவி

பதில்: கட்டவேண்டாம். புடையன் (கண்ணாடி விரியன்) கடித்த இடத்தில் திசு அழுகக்கூடியது; இறுக்கிக் கட்டினால் விஷம் அந்த இடத்திலேயே தேங்கி, இரத்த ஓட்டமும் நின்று, காலையே இழக்க நேரிடலாம். கட்டை அவிழ்க்கும்போது தேங்கியது ஒரேயடியாக உடம்பில் ஏறும். கீறுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் விஷத்தை எடுக்காது. கீறினால் இன்னொரு ஆபத்தும் உண்டு: புடையன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பதால் கீறிய இடம் நிற்காமல் வடியும்.

செய்யவேண்டியது இது. பிள்ளையைப் பாம்பிடமிருந்து விலக்கி இருத்துங்கள் அல்லது படுக்க வையுங்கள். ஒரு அடியும் நடக்க விடவேண்டாம். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். சப்பாத்து, கொலுசு, காப்பு, மோதிரம், நூல் எல்லாம் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழறாது. உடைந்த காலுக்குக் கட்டுவதுபோல அடிமட்டமோ தடியோ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். துணிக்குக் கீழே ஒரு விரல் போய் வரவேண்டும். கடித்த நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். வீக்கம் எதுவரை வந்தது என்று தோலில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் குறித்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. சத்தி எடுத்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். நோவுக்கு அஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ கொடுக்கக்கூடாது; இரத்தக் கசிவைக் கூட்டும்.

பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இங்கே பயன்படும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. தேடப் போனவரையும் சேர்த்து ஏற்றவேண்டி வரலாம்.

விஷமுறிவு மருந்து எல்லாச் சிறிய ஆஸ்பத்திரிகளிலும் இருக்காது. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளில் எது உங்களுக்குக் கிட்ட, மருந்து எங்கே இருக்கிறது என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பி.எச்.ஐ. மூலம் கேட்டு, அதிபர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் காட்டுப் பாதைக்கு அவர்களுக்கு வழி சொல்லவேண்டும். "மல்லாவிப் பக்கம்" என்றால் போதாது. பிரதான வீதியிலிருந்து எத்தனை கிலோமீற்றர், எந்தக் கோயில் சந்தி, எந்தக் குளக்கட்டு என்று எழுதிய துண்டும் சுவரிலேயே இருக்கட்டும். வளாகத்தில் எங்கே நின்றால் சிக்னல் எடுக்கும் என்பதும் எல்லா ஆசிரியருக்கும் தெரியவேண்டும். அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது என்றால் பிள்ளை நடுவில், பின்னால் பிடித்துக்கொள்ள ஒருவர்.

ஒன்றைத் தனியாகச் சொல்லவேண்டும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். நோவும் இல்லை, வீக்கமும் இல்லை, பல் பட்ட அடையாளமே தெரியாமல் போகலாம். பிள்ளை காலையில் வயிற்று நோவோடு வகுப்புக்கு வருவான். முதல் பாடத்தில் கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், எச்சில் விழுங்க முடியாது. நித்திரை தூங்குகிறான் என்று அடிக்க ஓங்கவேண்டாம். இரவு எங்கே படுத்தாய் என்று கேளுங்கள். பதிலுக்குக் காத்திராமல் வாகனத்தைக் கூப்பிடுங்கள், அடுத்ததாக மூச்சுத் தசைகள் சோரும்.

கடித்தது விஷமில்லாத பாம்பாகத் தோன்றினாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடத்தில் உறைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குத்தான். பாதியில் துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: தரம் 5 மாணவனுக்கு முட்டு (ஆஸ்துமா) இருக்கிறது. பையில் ஒரு பம்பும் கப்சியூல்களும் கொண்டுவருகிறான். இழுக்கத் தொடங்கினால் எதைக் கொடுப்பது?
– வகுப்பாசிரியர், கிளிநொச்சி

பதில்: எது எதற்கு என்று பெற்றோர் வைத்தியரிடம் எழுதி வாங்கித் தரவேண்டும். பொதுவாக நீல நிற சல்பியூற்றமோல் பம்ப்தான் இழுப்பை உடனே தணிப்பது. மண்ணிற அல்லது செம்மஞ்சள் பம்ப் தினமும் இழுத்து வருத்தத்தை வராமல் காப்பது. மூச்சுத் திணறும் நேரத்தில் அதைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. கப்சியூல், கருவியில் வைத்துத் தூளை உறிஞ்சுவதற்கு. அதை விழுங்கக் கொடுத்த வீடுகளும் உண்டு. கருவியில் வைத்தாலும் பலமாக உள்ளிழுக்கவேண்டும். மூச்சே இல்லாத பிள்ளையால் அது முடியாது, அந்த நேரத்துக்குப் பம்பும், பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழாயும்தான்.

பிள்ளையை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க வைக்கவேண்டாம். பம்பைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு அழுத்து அழுத்தி, நான்கு தொடக்கம் ஆறு சாதாரண மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் மருந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டி வீணாகும். கடும் இழுப்புக்கு இப்படிப் பத்து வரை கொடுக்கலாம். அதற்கும் தணியாவிட்டால் 1990. வசனத்தை முடிக்க முடியாமல் திணறுவது, விலா இடுக்குகள் உள்ளே குழிவது, உதடு நீலம் பாய்வது வந்தால் பத்து முடியும்வரைகூடக் காத்திருக்கவேண்டாம். இழுப்புச் சத்தம் அடங்கிப் பிள்ளை சோர்ந்தால் சுகம் வந்துவிட்டதென்று நினைக்கக்கூடாது. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

ஸ்பேசர் இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில், பம்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். பிள்ளையின் வாய் போத்தல் வாயில். புதுப் போத்தலைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காயவிடுங்கள். துடைத்தால் ஏறும் மின்னேற்றம் மருந்தைச் சுவருக்கு இழுக்கும்.

வகுப்புக் கூட்டும்போதும் வளவுக் குப்பை எரிக்கும்போதும் இவனை வெளியே, காற்று வரும் பக்கம் நிறுத்துங்கள். சூடடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசுக்கும் இழுக்கும்.

கேள்வி: வாராந்த இரும்புச்சத்துக் குளிசையைப் போட்டதும் பல பிள்ளைகள் சத்தி எடுக்கிறார்கள். பெற்றோர் வேண்டாம் என்கிறார்கள்.
– ஆசிரியை, முல்லைத்தீவு

பதில்: எந்த நாளில் கொடுக்கிறீர்கள்? வெள்ளிக்கிழமை என்றால் விரதம் பிடித்த பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டும். செவ்வாய் அல்லது புதனுக்கு மாற்றி, இடைவேளையில் சாப்பிட்ட பிறகு, வகுப்பாசிரியர் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி வேண்டாம், அது இரும்பை உறிஞ்ச விடாது. தேசிக்காய்த் தண்ணி நல்லது. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முதல் கிழமையே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் பாதி எதிர்ப்பு குறையும். காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அந்தக் கிழமை வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தம் உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. மீதிக் குளிசைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். இனிப்பென்று தம்பி தங்கச்சி அள்ளி விழுங்கினால் அது நஞ்சு.

கேள்வி: வலிப்பு வந்த பிள்ளையின் கையில் திறப்புக் கோர்வை கொடுத்தோம். சரியா?
– மாணவர் தலைவன், வவுனியா வடக்கு

பதில்: இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும், பெயர் திறப்புக்குப் போகும். மணிக்கூட்டைப் பாருங்கள். மேசை, கதிரைகளை விலக்கி, தலைக்குக் கீழே மடித்த துணி வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். நின்றதும் பக்கவாட்டில் சரித்து விடுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு திரும்பாமல் மறுபடி வந்தால், அல்லது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை என்றால் ஆஸ்பத்திரி.

கேள்வி: பாடசாலையில் திடீரென்று மாதவிடாய் வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் வீட்டிலேயே நின்றுவிடுகிறேன்.
– தரம் 8 மாணவி

பதில்: உங்கள் பையில் ஒரு சிறிய துணிப்பை வையுங்கள், பிள்ளை: இரண்டு பாட், ஒரு மாற்று உள்ளாடை, பழைய பத்திரிகைத்தாள் இரண்டு துண்டு. நான்கு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். காலையில் வீட்டில், பிறகு இடைவேளையில். நோவுக்கு வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அடிவயிற்றில் வைக்கலாம். ஒரு மணி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைந்தால் அல்லது ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் அம்மாவுடன் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

உங்கள் அதிபர் இதைப் படித்தால், அவருக்கு: மாணவிகள் மலசலகூடத்தில் உள்பக்கத் தாழ்ப்பாள், தண்ணீர் வாளி, மூடியுள்ள குப்பைவாளி மூன்றும் வேண்டும். பாட்டை மலசலகூடக் குழியில் போட்டால் குழாய் அடைக்கும். மழைக்காலத்தில் குழி நிரம்பி மேலே வரும். வாளியை அன்றன்றே எரிகுழிக்குக் கொண்டுபோக ஒரு ஆளின் பெயரைச் சொல்லி வையுங்கள். பாட் பைக்கற் ஒரு ஆசிரியையின் மேசையில் இருக்கட்டும், எந்த ஆசிரியை என்று தரம் 6 இலிருந்து எல்லா மாணவிகளுக்கும் தெரியட்டும். அவர் லீவு எடுக்கும் நாளுக்கு இன்னொருவர்.