மண்ணெண்ணெய் மணக்கும் ஒயின் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒயின் பற்றிய உங்கள் குறிப்பில், 'பெரும்பாலான வெள்ளை ஒயினை இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும், ஒருசிலவற்றைப் பத்து வருடம் தொடக் கூடாது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரிதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

நான் மெல்பேர்ணில் வசிக்கிறேன். என்னோடு வேலை செய்த ஒரு பெரியவர் ஓய்வுபெற்றபோது, தன் சேமிப்பிலிருந்து இரண்டு போத்தல்கள் தந்தார். ஒன்று தென் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், 2010. மற்றது ஹண்டர் பள்ளத்தாக்கு செமியோன், 2009. ரீஸ்லிங், செமியோன் இரண்டும் வெள்ளை ஒயின் செய்யும் திராட்சை வகைகளாம். இரண்டு போத்தலுமே திருகுமூடி. போன கிழமை ரீஸ்லிங்கைத் திறந்தோம். நல்ல மஞ்சள் நிறம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் மண்ணெண்ணெய் மணம்! மனைவி தன்னுடையதைச் சிங்க்கில் ஊற்றிவிட்டார். நான் அரைக் கிளாஸ் குடித்தேன். வாயில் எலுமிச்சைப் புளிப்பு அப்படியே இருந்தது, பழுதாகிவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த மணம்?

சிவப்பு ஒயினில் தோலின் துவர்ப்பு இருக்கிறது, வைத்திருக்க வைத்திருக்க அது மென்மையாகும் என்று வாசித்திருக்கிறேன். வெள்ளையில் மாறுவதற்கு என்ன இருக்கிறது? செமியோனைத் திறக்கலாமா?

அன்புடன்,
ந.

அன்புள்ள ந.,

உங்கள் ரீஸ்லிங் கெடவில்லை. மிச்சம் இருந்தால் தயவுசெய்து ஊற்றிவிடாதீர்கள்.

அந்த மணத்தைத் தருவது டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சேர்மம். திராட்சைத் தோலில் கரோட்டினாய்டுகள் இருக்கின்றன, கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே குடும்பம். அவை சிதைந்து உண்டாகும் துணுக்குகள் சர்க்கரையோடு பிணைந்து, மணமே இல்லாமல் பழச்சாற்றில் கிடக்கும். ஒயினாகிப் பாட்டிலுக்குள் போன பிறகு, அதன் அமிலம் அந்தப் பிணைப்பை வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. விடுபட்டவற்றில் ஒரு பகுதி டிடிஎன் ஆகிறது. பழத்தில் இல்லாத, புது ஒயினிலும் அநேகமாக இல்லாத மணம் பத்து வருடம் கழித்து வருவது இப்படித்தான். ரீஸ்லிங்கில் இதற்கான மூலப்பொருள் மற்ற திராட்சைகளைவிட மிக அதிகம். குலைமேல் வெயில் படப்பட இன்னும் கூடும். அதனால்தான் வெயில் காயும் கிளேரில் இது சீக்கிரம் எழுகிறது, ஜெர்மனியின் குளிர்ந்த மோசெல் ஆற்றங்கரையில் மெல்ல வருகிறது.

மூடிக்கும் இதில் பங்கு உண்டு. தக்கை டிடிஎன்னை உறிஞ்சிக்கொள்ளும்; திருகுமூடி உறிஞ்சாது. கிளேர் பள்ளத்தாக்கின் ரீஸ்லிங் தயாரிப்பாளர்கள் பலர் ஒன்றுசேர்ந்து 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து திருகுமூடிக்கு மாறினார்கள். தக்கையால் வரும் பூஞ்சை நாற்றத்தில் நல்ல ஒயினை இழந்து இழந்து சலித்துப்போனவர்கள் அவர்கள். உங்கள் 2010 அந்த மாற்றத்துக்குப் பிந்தையது. உண்டான மணம் முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறது.

இந்த மணம் குணமா குறையா என்பதில் ஒயின்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. என் எண்ணத்தைச் சொல்கிறேன். இரண்டு வயது ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் தூக்கலாக அடித்தால், பழம் வெயிலில் வாடியிருக்கிறது என்று பொருள். அது எனக்குப் பிடிக்காது. முதிர்ந்த ரீஸ்லிங்கில், அந்த மணத்துக்குப் பின்னால் எலுமிச்சை மர்மலேடும் தேனும் வறுத்த ரொட்டியும் இருந்தால், அதைவிட அழகான வெள்ளை ஒயின் எனக்குத் தெரியாது. ஊற்றிய உடனே முகராமல் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

வெள்ளையில் மாறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது. சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பு முதுகெலும்பு என்றால் வெள்ளைக்கு அமிலம். புது ஒயினில் வாழைப்பழம், பேரிக்காய் மாதிரி மணப்பவை பெரும்பாலும் நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்ற மணச் சேர்மங்கள். அவை முதல் ஓரிரு வருடங்களிலேயே உடைந்து மறையத் தொடங்கிவிடும். சாதாரண ஒயினில் இருப்பதே அவ்வளவுதான். அவை போனதும் வெறுமை. அதனால்தான் சீக்கிரம் குடிக்கச் சொன்னேன். அமிலமும் செறிவும் உள்ள ஒயினில், எஸ்டர்கள் விட்டுப்போன இடத்துக்கு, சர்க்கரையோடு பிணைந்திருந்த மணங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டு வருகின்றன. கூடவே, மூடியைத் தாண்டி வரும் சொற்ப ஆக்சிஜன், திராட்சையிலிருந்து வந்த ஃபீனால்கள் என்ற சேர்மங்களை மெல்ல மஞ்சளாக்குகிறது. சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளிறும், வெள்ளை கறுத்துக்கொண்டே போகும்.

இதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் ஒயின், நீங்கள் இன்னும் திறக்காமல் வைத்திருக்கும் ஹண்டர் செமியோன்தான். உலகில் வேறெங்கும் இது இப்படி வருவதில்லை. சிட்னிக்கு வடக்கே, நல்ல வெக்கையான, ஈரப்பதம் மிகுந்த இடம் ஹண்டர். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், பழம் அழுகும். ஆகவே சர்க்கரை முழுக்க ஏறும்முன், ஜனவரி பிப்ரவரியிலேயே பறித்துவிடுகிறார்கள். ஆல்கஹால் பத்து, பதினொரு சதவீதம்தான். அமிலம் கூர்மையாக இருக்கும். எஃகுத் தொட்டியில் நொதிக்கவைத்து, சில மாதங்களிலேயே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள். மரப்பீப்பாயின் வாடையே படுவதில்லை.

அப்போது குடித்தால் எலுமிச்சை, பச்சைப் புல், நாக்கைச் சுருக்கும் புளிப்பு. நீர்போல வெளிறிய நிறம். இதிலா ஒயினின் பெருமை என்று தோன்றும். மூன்று நான்கு வருடத்தில் இன்னும் மோசம்: பழத்தின் புத்துணர்ச்சி போயிருக்கும், அடுத்தது வந்திருக்காது. இந்தக் கட்டத்தில் திறந்து, ஏமாந்து, மிச்சப் பாட்டில்களை யாருக்காவது கொடுத்துவிடுபவர்கள் உண்டு. ஏழெட்டு வருடம் தாண்டியபின் வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டி, தேன், எலுமிச்சைத் தயிர்க்குழம்பு... இல்லை, எலுமிச்சையும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்வார்களே அந்த லெமன் கர்ட், அதன் வாசனை. முதல்முறை குடிப்பவர்கள் இது ஓக் பீப்பாயில் கிடந்த ஒயின் என்று சத்தியம் செய்வார்கள். மரமே படாத ஒயினில் காலம் மட்டுமே செய்த வேலை இது. வெறும் பத்து சதவீத ஆல்கஹாலில், சர்க்கரையும் இல்லாமல், இருபது வருடம் தாங்கும் ஒரு பானத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது. டிரல்ஸ் குடும்பத்தார் 1963 முதல் 'வாட் 1' என்ற பெயரில் செய்துவருவதையும், மவுண்ட் பிளசன்ட் நிறுவனம் 1946இல் நட்ட லவ்டேல் தோட்டத்துச் செமியோனையும் கடையில் பார்த்தால் விடாதீர்கள்.

மூடியின் பங்கைச் சொன்னேன். அதற்கு ஒரு பிரபலமான சான்றும் ஒரு செமியோனே. ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனம் 1999ஆம் ஆண்டுக் கிளேர் செமியோன் ஒன்றை எடுத்து, பதினான்கு விதமான மூடிகள் போட்டு வைத்தது. வருடங்கள் கழித்து அந்தப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படம் இன்றும் பலர் மேற்கோள் காட்டுவது. திருகுமூடி போட்டது வெளிறிய மஞ்சளாக நிற்கிறது. செயற்கைத் தக்கை போட்டவற்றில் சில கரும்பழுப்பு. உள்ளே இருந்தது ஒரே ஒயின்.

ஆக்சிஜன் எப்போதும் எதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் வான் ஜோன் என்று ஒன்று செய்கிறார்கள். சவான்யான் திராட்சை. பீப்பாயிலிருந்து ஆவியாகிக் குறைவதை நிரப்பாமல் ஆறு வருடங்களுக்கு மேல் அப்படியே விடுகிறார்கள். மேலே ஈஸ்ட் ஆடைகட்டிக் காக்கும். அந்த ஒயினில் எழும் முக்கிய மணத்தைத் தருவது சோட்டலோன் என்ற சேர்மம். வெந்தயத்தின் வாசனைக்குக் காரணமும் இதே சேர்மம்தான். ஆகவே நம் வீட்டில் வளர்ந்த மூக்குக்கு அது முதல் முகர்விலேயே தெரிந்துவிடும். 1774ஆம் ஆண்டு வான் ஜோன் பாட்டில் ஒன்று 2018இல் அங்கே ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது.

இதே சோட்டலோன், பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து வெள்ளை ஒயினில் வந்தால் துக்கம். 1990களின் நடுவிலிருந்து, இருபது வருடம் வைக்கலாம் என்று நம்பி வாங்கிய விலையுயர்ந்த வெள்ளை பர்கண்டிகள் ஏழெட்டு வருடத்திலேயே பழுப்பேறி, பழமெல்லாம் போய் நின்றன. தக்கையின் தரம், ஒயினைக் காக்கச் சேர்க்கும் சல்ஃபர் டைஆக்சைடைக் குறைத்துப் போட்டது, பிழியும் முறையில் வந்த மாற்றம் என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன. நான் யாருக்கும் அந்தப் பகுதி ஒயினைக் கண்ணை மூடிக்கொண்டு நீண்ட காலம் வைக்கச் சொல்வதில்லை. சாதாரண சொவிஞான் பிளாங்க், பினோ கிரிஜியோ, மஸ்கட் இவற்றையும் வைக்காதீர்கள்.

இனி உங்கள் 2009. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன்னிறமாக இருந்தால் தைரியமாகத் திறக்கலாம், இதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் இதில் அடிக்காது, செமியோனில் அதற்கான மூலப்பொருள் குறைவு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பன்னிரண்டு டிகிரி போதும், அதைவிடக் குளிர்ந்தால் இத்தனை வருடம் சேர்ந்த மணம் எழாது. காரக் குழம்போடு குடிக்க வேண்டாம். வெண்ணெயில் வாட்டிய மீனோ, காளான் சேர்த்து வேகவைத்த கோழியோ பொருத்தம்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பதால் உங்களுக்கு இது எளிது. இந்த வருடத்து ஹண்டர் செமியோனில் ஆறு பாட்டில் வாங்கி, வெயிலும் வெக்கையும் படாத அலமாரியில் படுக்கவையுங்கள். ஒன்றை உடனே திறவுங்கள். மற்றவற்றை இரண்டு வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் நான்கு வரி குறித்துவையுங்கள். மூன்றாவது பாட்டில் பிடிக்காமல் போகக்கூடும், அப்போது மிச்சத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.