மறைத்து எடுத்துச் செல்லும் மெல்லிய பிஸ்டலுக்கு எந்த சைட் (குறிபார்க்கும் அமைப்பு) நல்லது?

உரிமம் பெற்று இடுப்பில் மறைத்து வைக்க மெல்லிய பிஸ்டல் வாங்குவோர் முதலில் பிடியைப் பார்க்க வேண்டும். எடை குறைந்த துப்பாக்கி கையில் அதிகம் உதைக்கும். சுண்டுவிரலுக்கு இடமில்லாவிட்டால் அடுத்த குண்டு குறி தவறலாம்.

அடுத்தது சைட். குழல் குட்டை என்பதால் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைவு. சிறு பிசகும் தொலைவில் பெரிதாகும். என் தேர்வு: முன்னது பளிச்சென்ற நிறம், பின்னது வெறும் கறுப்பு. டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த சைட் இருட்டில் தானே ஒளிரும், ஆனால் சுமார் 12 ஆண்டுகளில் ஒளி பாதியாகிவிடும். வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு ரெட் டாட் (கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) பெரிய உதவி. புள்ளியைச் சட்டென்று பிடிக்கத்தான் நிறையப் பயிற்சி வேண்டும். ரெட் டாட்டைப் பொருத்த ஸ்லைடில் (சுடும்போது பின்னால் நகரும் மேல்பகுதி) இடம் வெட்டிய மாடலையே வாங்குங்கள்.

மேனுவல் சேஃப்டி (தவறிச் சுடாதபடி கையால் போடும் பூட்டு) உங்கள் விருப்பம். விசையை முழுதும் மூடும் கெட்டியான உறை மட்டும் கட்டாயம்.