காய்ச்சல் இல்லாத நாள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 8 மாதம். பேச்சு வரவில்லை. ஒரு வயதில் ‘தாத்தா’, ‘பால்’ என்று சொன்னவன், இப்போது அதையும் சொல்வதில்லை. எது வேண்டுமென்றாலும் என் கையை இழுத்துக்கொண்டு போய் அதன்மேல் வைப்பான். வசம்பு உரசித் தடவியாச்சு. “குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலை” என்கிறார் அத்தை. கணவர் துபாயில் இருக்கிறார். “அம்மா சொல்றதைக் கேளு” என்கிறார். நாத்தனாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், இப்போது எதையும் கிளப்பாதே என்கிறார்கள். அங்கன்வாடிக்குத் தினமும் போகிறான். டாக்டர்கள் வந்த அன்று மட்டும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் அழுகிறேன். ஐந்து வயது வரை பொறுக்கலாமா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ‘காய்ச்சல் என்று சொல்லி’ என்று எழுதியிருக்கிறாய் மகளே. காய்ச்சல் அடித்தது என்று எழுதவில்லை. மழையிலும் அனுப்புகிற பிள்ளையை அன்றைக்கு மட்டும் ஏன் வீட்டில் வைத்தாய்? டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவார் என்று உனக்குத் தெரியும். உன் அத்தைக்கும் தெரியும். அப்புறம் என்னிடம் எதற்கு ‘பொறுக்கலாமா’ என்ற கேள்வி?

2013 முதல் அந்த நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. எடை, பல் மட்டுமல்ல, பிள்ளை வயதுக்கேற்ப வளர்கிறானா என்றும் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு கவனிக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். காசு கிடையாது. வாசலுக்கு வந்த அந்த உதவியைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினாய்.

குமரகுருபரர் கதையை உன் அத்தை பாதிதான் சொல்லியிருக்கிறார். பேசாத பிள்ளையை அவரைப் பெற்றவர்கள் ஸ்ரீவைகுண்டத்து வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊரறியத் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகன் சந்நிதியில் கிடந்தார்கள். யாராவது பொண்ணு கேட்டு வருவார்களே என்று அவர்கள் ஒளிக்கவில்லை.

இரண்டு வயதில் ‘பால் தா’ என்று இரண்டு சொல்லாவது சேர வேண்டும். அதைவிட, வந்த சொல் போயிருக்கிறது பார், அதற்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது. நான் டாக்டர் இல்லை. இது இன்னது என்று பெயர் வைக்க மாட்டேன். ஆனால் முதலில் காதைச் சோதிக்கச் சொல்வார்கள். எத்தனை வசம்பு உரசினாலும் காது கேட்கிறதா என்று அது சொல்லாது.

அப்புறம் பயிற்சி. பெரும்பாலும் அது உனக்குத்தான். அவன் உன் கையை பிஸ்கட் டப்பாமேல் வைத்ததும் நீ திறந்து கொடுத்துவிடுகிறாய், இல்லையா? இனி ஒரு துண்டை உன் முகத்தருகே பிடித்து, ‘தா’ என்று சொல்லிவிட்டுக் காத்திரு. அவன் கண்ணைப் பார்த்தாலும் சரி, ஒரு சத்தம் போட்டாலும் சரி, உடனே கொடு. அவனை அழவைத்துப் பிடுங்கிவைக்கிற விளையாட்டல்ல இது. தினமும் இருபது தடவை செய்ய வேண்டிய வேலை. மூளை வேகமாக வளரும் இந்த வயதில் செய்வது, ஐந்து வயதில் தொடங்கினால் அதே அளவு பலிக்காது.

உன் நாத்தனார் கல்யாணம் நடக்கட்டும். அண்ணன் பிள்ளையைக் கண்டு ஓடுகிற மாப்பிள்ளை வீடு ஓடட்டும்; அந்தப் பெண் பிழைத்தாள். உன் கணவரிடம் ஒன்று கேள்: அம்மா பேச்சைக் கேட்கச் சொல்கிறவர், தன் பிள்ளையின் பேச்சைக் கேட்க எப்போது லீவு போடுவார்? பணம் அனுப்புவதோடு அப்பன் கடமை தீராது.

ராத்திரி அழுகை பற்றிக் கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாய். அதை இப்படி ஒதுக்காதே. 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், இலவசம். இந்தப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறவள் நீ. நீ தூங்கியாக வேண்டும்.

குழு அடுத்த முறை வரட்டும் என்று ஆறு மாதம் உட்காராதே. திங்கட்கிழமை காலை அங்கன்வாடி டீச்சரிடம் போய், அன்றைக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டு, மையத்துக்கு எப்படிப் போவது என்று கேள். காய்ச்சல் கதையை அவர் அன்றே நம்பியிருக்க மாட்டார்.