ரோஸ்வுட்டுக்கு 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். நண்பனின் கிட்டாரில் பழகிவிட்டு, இப்போது ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையை வாசிப்பதற்கென்று சொந்தமாக ஒன்று வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். கண்டியில் ஒரு கடையில் இரண்டு கிட்டார்களைக் காட்டினார்கள். ஒன்றின் பின்பலகையும் பக்கப் பலகையும் மகோகனி மரம், மற்றதில் அவை ரோஸ்வுட் மரம். ரோஸ்வுட்டுக்கு 40,000 ரூபாய் கூடுதல். "ரோஸ்வுட் இல்லாமல் ப்ளூஸ் சத்தம் வராது" என்கிறார் கடைக்காரர். எங்கள் ஊர்த் தரகர் ஒருவரோ, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ரோஸ்வுட் கிட்டார் ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: தம்பி, மகோகனியை வாங்குங்கள். அந்த 40,000 ரூபாய் உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தரகரின் தொலைபேசி இலக்கத்தை அழித்துவிடுங்கள். அவசரக்காரர் என்றால் இத்துடன் கடைக்குப் புறப்படலாம்.

காரணம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தம்புராவை மீட்டினால் ஒலி எழுந்து, விரிந்து, அடுத்த மீட்டல் வரும்வரை அறையில் நின்றுகொண்டே இருக்கும். தப்பு அப்படியல்ல. அடித்தவுடன் வரும், வந்தவுடன் போகும். அதனால்தான் தப்பில் அடவு மாறுவது தெளிவாகக் கேட்கிறது. ப்ளூஸ் வாசிப்பவரின் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் செய்வது தப்புக்காரனின் வேலை. மேலே மற்ற விரல்கள் பாடுகின்றன. கீழே அடிக்கும் ஒலி சீக்கிரம் அடங்கினால்தான் மேலே பாடுவது கேட்கும். ரோஸ்வுட் தம்புராவின் பக்கம், மகோகனி தப்பின் பக்கம். நுணுக்கமாகப் பேசினால் இதில் பல விதிவிலக்குகள் வரும். உங்கள் பிரச்சினைக்கு அவை தேவையில்லை.

கடைக்காரர் சொன்னது உண்மையானால் ப்ளூஸ் என்ற இசையே பிறந்திருக்காது. 1936இலும் 1937இலும் ஒலிப்பதிவு செய்த ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜோன்சன், ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் மடியில் வைத்திருப்பது கிப்சன் எல்-1 என்ற சிறிய கிட்டார். அவருக்கு முந்திய சார்லி பாட்டனும், பன்னிரண்டு கம்பி வைத்து வாசித்த லெட் பெல்லியும் கையில் எடுத்தது ஸ்டெல்லா என்ற பெயரில் விற்ற கிட்டார். அந்தக் காலத்து மலிவுச் சரக்கு அது. பெரும்பாலும் பேர்ச் மரத்தில் செய்தார்கள். விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கிய ஏழைகளின் கிட்டார். அதில் வந்த சத்தத்தைத்தான் இன்று எல்லோரும் லட்சக்கணக்கில் கொடுத்துத் தேடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே அமைப்பில் ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். முன்பலகை எல்லாவற்றுக்கும் ஒரே வகை. பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வேறு வேறு மரம். மகோகனி, சப்பேலி, மேப்பிள், வால்நட், இந்திய ரோஸ்வுட், தங்க விலை விற்கும் பிரேசில் ரோஸ்வுட். 52 பேரை மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டி வாசிக்க வைத்தார்கள். மரம் தெரியாதபோது எந்த மரத்துக்கும் தனி மவுசு இல்லை. முடிவு 2018இல் வெளியானது. விற்பவர்கள் யாரும் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதை நான் பார்க்கவில்லை.

அப்படியானால் நான் மட்டும் ஏன் தப்பு, தம்புரா என்று கதை சொன்னேன் என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது; ஆனால் மிகச் சிறியது. அந்தச் சிறிய வித்தியாசமும் ப்ளூஸுக்கு மகோகனியின் பக்கமே சாய்கிறது, விலையும் குறைவு. பிறகென்ன யோசனை?

நீங்கள் பார்க்க வேண்டியது முன்பலகையை. சத்தம் பிறப்பது அங்கேதான். அது ஒற்றைப் பலகையா, ஒட்டுப்பலகையா? ஒலித்துளையின் விளிம்பைச் சிறு டோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் ரேகைகள் விளிம்பு வழியாக நேராக உள்ளே இறங்கினால் ஒற்றைப் பலகை. வேஃபர் பிஸ்கட்டைக் கடித்தது போல மூன்று அடுக்கு தெரிந்தால் பிளைவுட். ஸ்புரூஸ் மரத்து ஒற்றைப் பலகை இருந்தால் போதும். பின்னால் இருப்பது பிளைவுட் ஆனாலும் முகம் சுளிக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அது நல்லதே. உடல் சிறியதாக இருக்கட்டும். இடுப்பில்லாத பெரிய பெட்டிதான் கடை முழுக்கத் தொங்கும், அதைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

சீட்டில் எழுதியிருப்பதை நம்பவே வேண்டாம். சென்ற ஆண்டு மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் "முழு ரோஸ்வுட்" என்று வாங்கிய கிட்டாரை என் மேசையில் வைத்தார். பின்பலகையின் ஓரத்தில் நகக்கண் அளவு தோல் எழும்பி நின்றது. கத்தி முனையை வைத்ததும் தீக்குச்சியின் தடிப்புக்கூட இல்லாத ஒரு மேலோடு சுருண்டு வந்தது. அடியில் வெளிறிய ஏதோ மரம். விரல்பலகை "கருங்காலி" என்றார். வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், துணி கரிச்சட்டி துடைத்தது போல் ஆகியது. சாயம்! விற்ற கடையோ, பெட்டியைத் திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டது. அவர் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

தரகரின் ஜப்பான் கிட்டாரும் இதே கதைதான். 1970களில் அங்கே செய்த மலிவு வகைகளில் ஒட்டுப்பலகையே அதிகம். வயதானால் கழுத்து முன்னோக்கிச் சாயும், கம்பி எழும்பும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகத் துண்டுதான் ஃபிரெட்) தடித்த கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்ஜின், அதாவது முன்பலகையில் கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டையின், பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்யும் கூலி, பாதி விலை என்று நீங்கள் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். தரகருக்கு அது தெரியும்.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. மகோகனி வெள்ளைக்காரன் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட மரம். கண்டி, குருநாகல் பக்கம் கதவும் கட்டிலுமாக வீட்டுக்கு வீடு நிற்கிறது. அதே மரத்தில் செய்த கிட்டாரை நாம் கப்பலில் இறக்கி, சுங்கத்துக்குக் கட்டி, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகிவிட்ட வற் வரியையும் கட்டி வாங்குகிறோம். இங்கேயே செய்யலாம் என்று ஒரு தச்சனிடம் நல்ல பலகைக்குச் சொல்லிவைத்தால், மரத்தை ஏற்றிவர அனுமதிப்பத்திரம், அதற்கு ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு நாள். பலகை வந்து சேரும்போது ஆசை போய்விடுகிறது. சரி, அதை விடுங்கள்.

ஒரேயொரு விதிவிலக்கு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம் பகுதியில் கிட்டார் பிடிப்பவர்களில் பாதிப்பேர் மாதாகோயிலில் ஞாயிறு பூசைக்குப் பாடகர் குழுவுக்கும் வாசிப்பதால் சொல்கிறேன். கோயிலில் மெதுவான பாடலுக்கு ஒரு கோர்ட் (பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்த ஒலி) அடித்துவிட்டு, குழு மூச்செடுக்கும்வரை அந்த ஒலி நிற்க வேண்டும். அங்கே தம்புராக் குணம் உதவும், ரோஸ்வுட் வாங்கலாம். ஆனால் குழுவில் ஏற்கனவே கீபோர்ட் இருந்தால் வேண்டாம், நிற்கும் ஒலியை அது பார்த்துக்கொள்ளும். கீபோர்ட் வாசிப்பவர் வாரத்துக்கு வாரம் வராமல் போகிறவர் என்றால் மீண்டும் ரோஸ்வுட். கோயில் தகரக் கூரையாக இருந்தால் மழையில் எதுவுமே கேட்காது, மகோகனியே போதும். மாதத்தில் ஒரு தடவைதான் பூசைக்கு வாசிக்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இனி ஈரம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் துணி காயாது. கிட்டார் மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். மிஸ்ட் இறங்கினால் இங்கே எண்பதைத் தாண்டுவது சாதாரணம். முன்பலகை ஊறி, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். கம்பி உயரும், சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். காமன் கூத்துக்குத் தப்பை எடுத்தால் முதலில் வைக்கோல் தீயில் காய்ச்சுவார்கள் அல்லவா? தோல் விறைத்து நிற்கும். கிட்டாரை அப்படிக் காய்ச்ச முடியாது. ஆனாலும் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டுபவர்கள் இருக்கிறார்கள்! லயத்துக் காம்பராவில் அடுப்புப் பக்கமும் வேண்டாம், மழை அடிக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். உறைப்பெட்டியில் மூடி வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பத்துப் பதினைந்து சேர்த்துக் கம்பிகளுக்கு அடியில் போடுங்கள். மாதம் ஒருமுறை மணிகளைக் கொட்டி, வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவிட்டுத் துணியில் கட்டித் திரும்பப் போடலாம்.

மிச்சமான 40,000 ரூபாயில் உறைப்பெட்டி முதலில். பிறகு பாஸ்பர் பிரான்ஸ் கம்பி, 12 அளவு, இரண்டு செட். கடையில் மாதக்கணக்கில் தொங்கிய கிட்டாரின் கம்பியில் துருவைத் தவிர வேறு சத்தம் வராது. வாங்கிய அன்றே கழற்றி மாற்றுங்கள்; ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக.